எழுந்து போனவள்

1956 அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, பஃபலோ நகரத்து மாலைப் பத்திரிகை ஒன்று ஐந்தாம் பக்கத்தில் இருபத்திரண்டு பெண்களின் பெயரைப் போட்டது. பெயர், வயது, வீட்டு விலாசம், வேலை பார்க்கும் இடம், எதையும் விடவில்லை. முந்தின நாள் பெலிக்கன் பாரில் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது இருபத்து மூன்று பேரை. அச்சில் வராத அந்த ஒருத்தி லியோகாடியா வ்ரூபெல். மற்றவர்களுக்குப் பெயர் வந்ததால் வாழ்க்கை போயிற்று. இவளுக்கு வராததால் போயிற்று.

அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. நகரத்தின் கிழக்குப் பக்கம், போலந்துக்காரர்கள் நெருக்கிக் குடியிருக்கும் தெருவில் வீடு. அப்பா எஃகு ஆலையின் உலைப் புகையைக் குடித்துக் குடித்தே இருமிச் செத்தவர். வீட்டில் அம்மாவும் தம்பி கஸிமியரும். தம்பியை எல்லோரும் கஸ் என்பார்கள். போலீஸ்காரன். யுத்தம் நடந்த வருஷங்களில் லியோகாடியா விமானத் தொழிற்சாலையில் தகடுகளுக்குத் தறையாணி அடித்தாள். நல்ல சம்பளம், பேண்ட் போட்டுக்கொண்டு போனால் கேட்பாரில்லை. ஆண்கள் திரும்பி வந்ததும், "போய்க் கல்யாணம் பண்ணிக்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். ரத்தமும் சீழும் காய்ந்த போர்வைகளைக் கொதிநீரில் போட்டு அலசும் வேலை. முழங்கை வரை தோல் எப்போதும் சிவந்தே கிடக்கும்.

பெலிக்கனுக்கு அவள் முதலில் போனது 1947இல். யாரோ சலவைக்கூடத்தில் கேலியாகச் சொன்ன விலாசம். ஒரு சந்துக்குள், ஜன்னலுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்த கட்டடம். வாசலைத் தாண்டி மூன்று தடவை நடந்தாள். நாலாவது தடவை கதவைத் திறந்து பாதி உள்ளும் பாதி வெளியுமாக நின்றாள். உள்ளே கோட்டும் டையுமாக, ஒட்ட வெட்டிய முடியோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். டாக்ஸி ஓட்டும் மெர்ல்.

"உள்ள வர்றதுன்னா வா. இல்லன்னா கதவைச் சாத்து, குளிருது."

"நான் சும்மா பாக்க வந்தேன்."

"சும்மா பாக்க வர்றவ மூணு தரம் நடப்பாளா? காலு தெரிஞ்சுது கதவுக்குக் கீழ. பேரு என்ன?"

"லியோகாடியா."

"இவ்வளவு நீளப் பேரைச் சொல்றதுக்குள்ள பீரு சூடாயிடும். லியோன்னு இருந்துட்டுப் போ. உக்காருடா லியோ."

அந்த 'டா' காதில் விழுந்ததும் அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். பெலிக்கனில் பேண்ட் போட்டவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கவுன் போட்டவர்கள் 'டீ'. இரண்டுக்கும் நடுவில் நின்றவர்களை நார் நாராகக் கிழித்துவிடுவார்கள்.

முதலாளி ஓர் ஆண். தண்ணீர் கலந்த பீரை ஊரில் இல்லாத விலைக்கு விற்றான். போக வேறு இடம் இல்லை என்று அவனுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆனால் ஒருத்திக்கு வேலை போனால் எந்த ஆலையில் ஆள் எடுக்கிறார்கள் என்ற தகவல் அங்கேதான் கிடைத்தது. வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவளுக்கு யார் அறையில் இடம் இருக்கிறது, எந்த டாக்டர் கேள்வி கேட்காமல் தையல் போடுவார், எந்தத் தெருவில் பையன்கள் கல்லெறிவார்கள், எல்லாம் அங்கேதான். ஞாயிறு மதியம் யாராவது ஒரு பானை சூப் கொண்டு வருவார்கள். மாதா கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பும் லியோ, பெட்ரோல் பங்க் கழிப்பறையில் பாவாடையைக் கழற்றிப் பேண்ட்டுக்கு மாறிக்கொண்டு போவாள்.

அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள் என்று சொல்ல முடியாது. அடிபட்டவர்கள், அடிக்கவும் செய்வார்கள். ஒருமுறை இரண்டு கறுப்புப் பெண்கள் வந்து உட்கார்ந்தபோது, அரை மணி நேரம் யாரும் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்து போனார்கள். லியோ தன் பீரைக் குடித்துக்கொண்டு அதைப் பார்த்தாள்.

வெர்னா டட்டில் 1952இல் வந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை, கவுனுக்கு ஏற்ற கையுறை, எதற்கும் லேசில் சிரிக்காத முகம். அவளைச் சிரிக்க வைக்க லியோவுக்கு இரண்டு மாதம் பிடித்தது. வெர்னா குடியிருந்த அறைக்கு லியோவைத் தன் மாமா பெண் என்று சொல்லித்தான் அழைத்துப் போவாள். வீட்டுக்காரி ஒருநாள், "உன் மாமா பொண்ணுக்குத் தோளு அகலம்" என்றாள். அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒருமுறைதான் போக முடிந்தது. மற்றபடி நாலு வருஷமும் அவர்களுடைய குடித்தனம் பெலிக்கனின் மூலை மேஜையில்தான் நடந்தது. சண்டையும் அங்கே, சமாதானமும் அங்கே.

அந்த ஞாயிறு மூன்று மணிக்குப் போலீஸ் வந்தது. ஸ்டேஷனில் ஒரே கொட்டடியில் எல்லோரையும் அடைத்தார்கள். பேண்ட் போட்டவர்களை ஒவ்வொருத்தியாக வெளியே நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். பெண் ஆணுடை போடுவது குற்றமாம், உள்ளேயாவது பெண்கள் உடுப்புத்தானா என்று பார்க்கிறார்களாம். மெர்ல் முடியாது என்றாள். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது ஆள் பொத்தான்களைப் பிய்த்தான். எட்டு போலீஸ்காரர்கள் நின்று சிரித்தார்கள். உள்ளே திரும்பி வந்த மெர்ல் கிழிந்த சட்டையை ஒரு கையால் கூட்டிப் பிடித்துக்கொண்டு, "யாரும் அழக் கூடாது" என்று மட்டும் சொன்னாள். யாரும் அழவில்லை. நெட்டி என்ற பத்தொன்பது வயதுப் பெண் உதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம் வரவைத்துக்கொண்டாள்.

லியோவின் முறை வரவில்லை. அதற்குள் கம்பிக்கு அந்தப் பக்கம் கஸ் வந்து நின்றான். சீருடையில் இருந்தான். அங்கே வேலை பார்க்கும் ஒரு தம்பி அவளுக்கு இருப்பது கொட்டடியில் யாருக்கும் தெரியாது. லியோ யாரிடமும் சொன்னதில்லை.

"லியோகாடியா. எந்திரி."

லியோவின் கை வெர்னாவின் கைக்குள் இருந்தது. அவள் தன் கையை விடுவித்துக்கொண்டாள். எழுந்தாள்.

"எங்கடா போற?" என்றாள் மெர்ல்.

லியோ நடந்தாள். வெளியே போய் ஒரு வக்கீலைப் பிடிக்கலாம், யாருக்காவது போன் செய்யலாம் என்று அந்த நேரத்தில் நினைத்ததாகப் பிற்பாடு தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கஸ் அவளைக் காரில் வீட்டுக்குக் கொண்டுபோனான். வழியில் ஒரே பேச்சு: "உன் பேரு எங்கயும் வராது. வாயை மூடிக்கிட்டு கிட." அவள் மூடிக்கொண்டு கிடந்தாள். வக்கீலுக்கும் போன் செய்யவில்லை, யாருக்கும் செய்யவில்லை. காலையில் சலவைக்கூடத்துக்குப் போனாள்.

மாலையில் பத்திரிகை வந்தது. செவ்வாய்க்கிழமை வெர்னாவுக்கு வேலை போயிற்று. புதன்கிழமை வேலை முடிந்து லியோ ஓடியபோது, வெர்னாவின் பெட்டியும் கவுன்களும் நடைபாதையில் கிடந்தன. வீட்டுக்காரி மேலே ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெர்னா ஒவ்வொரு கவுனாக உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.

"போலீஸுக்கு நான் ஒண்ணும் சொல்லல வெர்னா. சத்தியமா. அவன் என் தம்பி, அவ்வளவுதான்."

"நீ சொன்னேன்னு நான் எப்ப சொன்னேன்?"

"எல்லாரும் அப்படித்தானே நினைக்கிறாங்க."

"நினைக்கட்டும். எனக்கு அது இல்ல விஷயம்." வெர்னா ஒரு கையுறைக்கு ஜோடியைத் தேடினாள், கிடைக்கவில்லை. "உன் கை என் கையில இருந்துச்சு. நீ வெடுக்குனு இழுத்திருந்தாக்கூட பயத்துல இழுத்தான்னு விட்டிருப்பேன். விரல் விரலா எடுத்த லியோ. வலிக்காம எடுத்த. அந்த நேரத்துல அவ்வளவு நிதானம் உனக்கு எங்கேருந்து வந்துச்சு?"

லியோ குனிந்து ஒரு கவுனை எடுத்தாள்.

"அதை வை. நீ தொட வேண்டாம்."

அன்றே வெர்னா க்ளீவ்லாந்தில் இருந்த அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினாள். லியோ ஏழு கடிதம் போட்டாள். ஐந்துக்குப் பதில் இல்லை. ஆறாவதும் ஏழாவதும் பிரிக்கப்படாமல், 'இந்த விலாசத்தில் அப்படி யாரும் இல்லை' என்று வெர்னாவின் கையெழுத்திலேயே எழுதித் திரும்பி வந்தன.

நெட்டியை அவள் அப்பா மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். தலையில் மின்சாரம் வைத்தார்கள். நாலு மாதம் கழித்து வெளியே வந்தவள் சொந்தத் தெரு எது என்று ஆட்களைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

பெலிக்கனின் உரிமத்தை ரத்து செய்து பூட்டிவிட்டார்கள். பெண்கள் இரண்டு மாதம் சிதறிக் கிடந்து, பிறகு ரயில் யார்டு பக்கத்தில் ஒரு பாரில் ஒதுங்கினார்கள். லியோ தேடிக் கண்டுபிடித்துப் போனாள். அவள் உள்ளே வந்ததும் பாட்டுப் பெட்டியின் ஒயரை யாரோ பிடுங்கினார்கள். ஊற்றிக் கொடுத்தவளுக்கு விஷயம் தெரியாது, பீர் வந்தது. லியோ குடித்து முடித்ததும் மெர்ல் எழுந்து வந்து, அந்தக் காலி கிளாஸை இரண்டு விரலால் எடுத்து, குப்பைத் தொட்டியில் போட்டாள். கிளாஸ் உடைந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பிறகு பாட்டு திரும்ப ஆரம்பித்தது.

அடுத்த ஞாயிறும் லியோ போனாள். அடுத்த ஞாயிறும் ஒரு கிளாஸ் உடைந்தது. இப்படியே நாலு மாதம். யாரும் பேசவில்லை, யாரும் வெளியே போ என்றும் சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட அது மேல் என்று அவளுக்குப் பட்டது. முதுகுகளாவது தெரிந்தவர்களின் முதுகுகள்.

ஈஸ்டர் வந்தது. அம்மா மேஜையில் பன்றித் தொடையும் முட்டையும் வைத்து, நடுவில் போலந்து வழக்கப்படி வெண்ணெயில் செய்த ஆட்டுக்குட்டிப் பொம்மையை நிறுத்தியிருந்தாள். கஸ்ஸுக்கு சார்ஜெண்ட் பதவி வந்திருந்தது. புதுப் பட்டைகளைத் தைத்த சட்டையைச் சாப்பாட்டுக்கும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜெபம் முடிந்ததும் லியோ கேட்டாள்.

"ஒரு விஷயம் சொல்லு கஸ். என்னை மட்டும் ஏன்டா கூட்டிட்டு வந்த?"

"சாப்பிடு."

"அவங்களோடயே விட்டிருக்கலாம்ல?"

"உன்னை யாரு காப்பாத்தினது? வ்ரூபெல்ங்கிற பேரைக் காப்பாத்தினேன். அது எனக்கும் பேரு." அவன் ரொட்டியைப் பிய்த்தான். "ஊரைச் சுத்தம் பண்ணுங்கன்னு மேல இருந்து உத்தரவு. எந்த இடம்னு ஒருத்தனுக்கும் தெரியல. எனக்குத் தெரியும். ரெண்டு ஞாயிறு உன் பின்னாலயே வந்தேன். பெட்ரோல் பங்க்ல நீ உடுப்பு மாத்திட்டு வந்ததைக்கூட பாத்தேன். பேண்ட்டோட துள்ளி ஓடுற, என்னமோ பள்ளிக்கூடம் போற மாதிரி."

லியோ அம்மாவைப் பார்த்தாள்.

"அவனைப் பாத்து முறைக்காதே," என்றாள் அம்மா. "நான்தான் அனுப்பினேன். பூசைக்குப் போறேன்னு சொல்லிட்டு அக்கா எங்க போறான்னு பாருடான்னேன். பெத்தவளுக்குத் தெரிய வேண்டாமா? வெண்ணெய் உருகுது, எடுத்துக்கோ."

கஸ் கத்தியால் ஆட்டுக்குட்டியின் முதுகை வழித்து ரொட்டியில் தடவிக்கொண்டான்.

லியோ எழுந்து அறைக்குப் போய், ஒரு பையில் உடுப்புகளைத் திணித்துக்கொண்டு வெளியே வந்தாள். யாரும் தடுக்கவில்லை. பண்டிகைக்காகப் போட்ட பூப்போட்ட கவுனும் தொப்பியுமாக நேரே ரயில் யார்டு பாருக்கு நடந்தாள். அந்தக் கோலத்தில் அவளைப் பார்த்ததும் பார் முழுக்கச் சிரித்தது. ஆறு மாதத்தில் அவர்கள் வாயிலிருந்து அவளுக்குக் கிடைத்த முதல் சத்தம் அது. அவள் நின்றபடியே சொன்னாள். தம்பி பின்தொடர்ந்து வந்ததை, அம்மா அனுப்பியதை, பெலிக்கனுக்குப் போலீஸ் வந்தது தன் காலடித் தடத்தைப் பிடித்துக்கொண்டுதான் என்பதை, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

சிரிப்பு நின்றது. மெர்ல் எழுந்து அவள் பக்கம் வந்தாள்.

"இதை ஏன்டா வந்து சொன்ன? இதுவரைக்கும் ஒருவேளை நீ இல்லையோன்னு எங்கள்ல பாதிப் பேரு நினைச்சுக்கிட்டிருந்தாங்க."

"தெரியாமதான் நடந்துச்சு மெர்ல். அவன் வந்தது எனக்குத் தெரியாது."

"சரி. அது தெரியாம. எந்திரின்னான், எந்திரிச்ச. அதுவும் தெரியாமதானா?"

"தம்பி கூப்பிட்டான்."

"எங்களுக்கெல்லாம் தம்பி இல்லடா."

ஊற்றுகிறவள் பழக்கத்தில் பீரை ஊற்றி வைத்திருந்தாள். லியோ கை வைப்பதற்குள் மெர்ல் அதை எடுத்துத் தானே குடித்தாள். "இனிமே கிளாஸ் உடைக்க வேண்டாம். நல்ல கிளாஸு. நீ வராதே."

அதன் பிறகு அவள் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்தாள். பதினேழு வருஷம் அதே சலவைக்கூடம், அதே கொதிநீர். அம்மாவின் சாவுக்குக் கஸ் சொல்லி அனுப்பவில்லை; பேக்கரியில் யாரோ துக்கம் விசாரித்தபோதுதான் தெரிந்தது. ரயில் யார்டு பார் மூடப்பட்டு வேறு ஒன்று திறந்ததையும், அதுவும் மூடியதையும் பஸ்ஸில் போகும்போது பார்த்தாள். இறங்கவில்லை. காதல் என்று பிறகு ஒன்றும் வாய்க்கவில்லை. தேடவும் எங்கே போவாள்? அப்படிப்பட்டவர்கள் இருக்கும் இடமெல்லாம் அவளுடைய கதை அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.

1974இல் ஒருநாள் மேல்மாடி வார்டுக்குப் போர்வை கொண்டுபோகும் ஆள் வராததால் லியோ வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். மூன்றாவது கட்டிலில் மெர்ல் படுத்திருந்தாள். நுரையீரலில் புற்று. எலும்பும் கண்ணுமாக இருந்தாள். நீளமாக வளர்ந்துவிட்ட நரை முடியை நர்ஸ் யாரோ சீவி, ரோஸ் நிற ரிப்பன் கட்டி விட்டிருந்தாள்.

இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.

"மெர்ல், நான்..."

"மன்னிப்பு கேக்குறதா இருந்தா வராதே." மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். "முடி வெட்டத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப வா."

லியோ சலவைக்கூடத்துக் கத்திரியைக் கொண்டுவந்து, காதுக்கு மேல் ஒட்ட வெட்டினாள். ஆண்கள் வார்டுத் துணியிலிருந்து கோடு போட்ட பைஜாமா ஒன்றை எடுத்துவந்து மாட்டிவிட்டாள். பதினோரு நாள், மதிய இடைவேளையில் தவறாமல் போனாள். பழைய பேச்சு எதுவும் எடுக்கவில்லை. மெர்ல் அவள் வேலையைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தாள். "இடது பக்கம் ஏறியிருக்கு. போர்வை தோய்க்கிறவகிட்ட தலையைக் குடுத்தேன் பாரு." ஒருநாள் மட்டும் லியோ தண்ணீர் கொடுத்துவிட்டு, அந்த டம்ளரை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மெர்ல் கண்ணை மூடிக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் லியோவுக்கு விடுமுறை. அன்று மெர்ல் செத்துப்போனாள்.

ராச்செஸ்டரிலிருந்து வந்த மெர்லுடைய அக்கா இறுதிச் சடங்கை நடத்தினாள். சடங்குக்கூடத்தில் மெர்லுக்குப் பீச் நிறக் கவுன் போட்டு, கன்னத்துக்குச் சிவப்புப் பூசி, சுருள் சுருளாக ஒரு பழுப்பு விக் வைத்திருந்தார்கள். விரல்களில் நகச்சாயம். பாரில் பழகிய பெண்கள் பதினைந்து பேர் வரிசையில் வந்து பார்த்தார்கள். முன்னால் போனவள் பெட்டியைப் பார்த்துவிட்டு, தப்பான அறைக்கு வந்துவிட்டோமோ என்று சுவரில் எழுதியிருந்த பெயரை இன்னொரு தரம் படித்தாள்.

"நீங்கல்லாம் யாரு?" என்று அக்கா கேட்டாள்.

"டாக்ஸி கம்பெனிங்க," என்றாள் ஒருத்தி.

"நல்லதும்மா வந்தது. பாவி மவ, யாருமில்லாமதான் கெடந்திருக்கா. பாருங்க, ஆஸ்பத்திரியில எவளோ தலையை ஆம்பளை மாதிரி கத்தரிச்சு விட்டிருக்கா. விக் வாங்க வேண்டியதாப் போச்சு. கேட்டா, எங்க ஆளு யாரும் வெட்டலங்கறாங்க."



"நான்தான் வெட்டினேன்," என்றாள் கடைசியில் நின்ற லியோ. "அவ கேட்டா. அந்த விக்கை எடுத்துடுங்க. அவளுக்கு அது பிடிக்காது."

அக்கா அவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். பேண்ட், கம்பளிச் சட்டை, வெந்து சிவந்த கைகள். பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறியது. "ஓ, நீ அந்த மாதிரியா. வெளிய போ. என் தங்கச்சி பக்கத்துல நிக்காதே."

"விக்கை மட்டும் எடுத்துடுங்க."

கூடத்து ஆட்கள் இரண்டு பேர் வந்து லியோவின் கையைப் பிடித்தார்கள். வரிசையில் நின்ற பதினைந்து பேரும் பூங்கொத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளை நடத்திக்கொண்டுபோய்ப் படியில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். விக் மெர்லின் தலையிலேயே இருந்தது, அதோடுதான் புதைத்தார்கள்.

கால் மணி நேரத்தில் மற்றவர்களும் வெளியே வந்தார்கள். எதிர்ச் சாரியில் ஒரு பார் திறந்திருந்தது. பெலிக்கனைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு சின்னப் பெண் லியோவிடம் ஒரு சிகரெட்டை நீட்டி, "நீங்களும் வாங்களேன், அவங்க பேரைச் சொல்லி ஒண்ணு குடிச்சிட்டுப் போலாம்" என்றாள். லியோ அவளுக்குப் பின்னால் நின்ற பழைய முகங்களைப் பார்த்தாள். ஒருத்தி ஷூவைப் பார்த்தாள். ஒருத்தி கையுறையை மாட்டினாள். வா என்று யாரும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"எனக்கு வேலை இருக்கும்மா," என்றாள் லியோ.

அவர்கள் தெருவைக் கடந்து போனார்கள். அவள் சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள்.